பின்னால் வருகிறாள்

மோர் மூன்று தம்ளரில் வந்தது.

எட்னா அதைக் கவனித்தாள்.  விக்கிரவாண்டியில் கெங்கம்மாள் வீட்டு நடையில், கோரைப்பாயில், அவளும் அவள் ஊழியத் துணை ரூத்தும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பங்குனி வெயில் களத்து மண்ணை வெளுக்க வைத்திருந்தது. சாணமும் காய்ந்த வைக்கோலும் கலந்த வாசனையோடு அனல் உள்ளே வந்து வந்து போனது. தெருவின் மறுகோடியில் ஒரு செக்கு ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் கிணற்று உருளையில் கயிறு உரசும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

மோர் கொடுப்பது புதிதல்ல. எட்னாவின் சபையில் காப்பியும் தேநீரும் விலக்கு. முதல் நாள் அதைச் சொன்னபோது கெங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "காப்பித் தண்ணி குடிக்காத வெள்ளக்காரிய இப்பதான் பாக்கறேன்." அதிலிருந்து எப்போது போனாலும் மோர்தான். தம்ளர்களும் பழகியவை. வேற்று மனிதர்களுக்கென்று இரண்டு பித்தளைத் தம்ளர்களை அவள் தனியாக வைத்திருந்தாள். அவை சமையலறைக்குள் போவதில்லை. மாட்டுக் கொட்டகைச் சுவர்மேல் கவிழ்ந்திருக்கும். எட்னாவுக்கு அது தெரியும்.

மூன்றாவது தம்ளர் உயரமாக, விளிம்பு நெளிந்து இருந்தது.

"இது யாருக்கு?" என்றாள். அவளுடையது புத்தகத் தமிழ்.

"அந்த மூணாவது அம்மாவுக்குத்தான். பக்கத்து வூட்ல வாங்கியாந்தேன். எத்தினி வாட்டி வந்துட்டாங்க, ஒரு வாய் தண்ணிகூட குடுக்கல நானு. ஊர்ல இன்னா பேசுவாங்க?" கெங்கம்மாள் வெளியே பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "ஏன் கெணத்தாண்டயே நிக்கிறாங்க? வெயிலு மண்டையப் பொளக்குது. உள்ள கூப்பிடுங்க மிஸ்ஸி."

எட்னா பார்த்தாள். கிணறு. துவைக்கும் கல். உருளையிலிருந்து தொங்கிய கயிறு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று ரூத் ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் இன்னும் ஏறவில்லை.

"வெயில் அதிகம் என்கிறாள்."

கெங்கம்மாள் அலுத்துக்கொண்டு மூன்றாவது தம்ளரை எடுத்துக்கொண்டு தானே கிணற்றடிக்குப் போனாள். முதுகு தெரிய நின்றாள். எதையோ சொல்லிச் சிரித்தாள். திரும்பி வந்தபோது தம்ளர் தலைகீழாக இருந்தது.

"பாவம், நல்ல தாகம்," என்றாள்.

*

இருவராகத்தான் போகவேண்டும். அவர்கள் சபையில் அதுதான் முதல் விதி. உப்பு ஏரி ஒன்றின் கரையிலிருந்த தன் ஊரை விட்டு, இருபத்திரண்டாம் வயதில், இரண்டு ஆண்டு ஊழியத்துக்கு எட்னா கிளம்பியபோது அவளுக்குக் கொடுத்த தாளில் அதுதான் முதல் வரி. துணையின் கண்ணுக்கு எட்டாமல் போகாதே. தூங்குவது ஒரே அறையில். போவது ஒரே தெருவில். கதவைத் தட்டுவது ஒருத்தி, வணக்கம் சொல்வது மற்றவள்.

1937இல் விழுப்புரத்தில் அவர்கள் இருவர்தான். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. ஐந்தரைக்கு எழுந்து ஜெபம். பிறகு இரண்டு மணி நேரம் தமிழ்ப்பாடம். கரிப்புகை படிந்த ஜன்னலைத் துடைத்துவிட்டு, வெள்ளைக் கவுனும் தொப்பியுமாகச் சைக்கிளில் கிளம்புவார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. பாதி வீடுகளில் நாய் மட்டும் வரவேற்கும். சனிக்கிழமை மதராஸ் அலுவலகத்துக்குக் கடிதம்: எங்கே போனோம், யார் யார் போனோம்.

மாசியில் ரூத்துக்கு மலேரியா வந்தது. ஒருத்தி படுத்தால் மற்றவளும் வீட்டில் இருக்கவேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் போனால் இருவரும் மதராஸுக்குத் திரும்பவேண்டும், விழுப்புரம் மூடப்படும்.

எட்னா போகச் சொன்னால் போகிறவள் அல்ல. கல்லூரியில் வேதியியல் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாளே ஒருவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தையல் வகுப்பு எதிர்ப்பக்கம் என்றான். அவள் மூன்றாண்டுகள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். விழுப்புரத்தை மூட அவள் விடமாட்டாள்.

பதினொரு நாள் தனியாகப் போனாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "தனியாவா வந்தீங்க? தொணைக்கு யாரும் வரலியா?" தனியாக வந்த பெண்ணை அந்த ஊர்களில் யாரும் அடுத்த கேள்விக்கு விடுவதில்லை. எட்னா முதல் வீட்டிலேயே ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள்.

"என் துணை பின்னால் வருகிறாள்."

சுலபமாக இருந்தது. வளவனூரில் சொன்னாள், கெடாரில் சொன்னாள், விக்கிரவாண்டியில் சொன்னாள். ஒரு நாள் ரயிலேறித் திண்டிவனம் போய் அங்கேயும் சொன்னாள். கடிதத்தில் இரண்டு பெயரும் எழுதினாள். ஆறாம் நாளிலிருந்து அதைச் சொல்லும்போது தன்னை அறியாமல் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். ஒன்பதாம் நாளிலிருந்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்போது அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

*

மறுநாள் கெடாரில், மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணும் பச்சைக் கொடியும் மணக்க, பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். உச்சி நேரம். ரூத் களைப்பாகச் சைக்கிளில் சாய்ந்து நின்றாள்.

"மூணு மிஸ்ஸியும் வந்துட்டாங்கடி!" என்றாள் ஒருத்தி. "ஒருத்திக்குப் பேச வரும், ஒருத்திக்குச் சிரிக்க வரும். மூணாவது ஒண்ணுத்துக்கும் ஒதவாது. நம்ப சின்னபொண்ணு புருசனாட்டம்."

"ஏய், எம் புருசன் சோறாவது நல்லா துண்ணுவான்டி," என்றாள் சின்னபொண்ணு. வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ரூத்தும், புரியாமல், சிரித்தாள்.

எட்னா சிரிக்கவில்லை. "மூன்றாமவள் எங்கே நிற்கிறாள்?"

"அதோ, பனமரத்தாண்ட. மொத நாளு ஏரிக்கர மேல நின்னாங்க. அப்பறம் வரப்புல. இன்னிக்கித்தான் இம்மாங்கிட்ட." சின்னபொண்ணு நிமிர்ந்தாள். "ஏன் மிஸ்ஸி, ஒங்களுக்குத் தெரியாதா?"

"எப்படி இருக்கிறாள்?"

"ஒங்களாட்டமேதான். வெள்ளக் கவுனு, தொப்பி. தலைய குனிஞ்சிக்கினே நிப்பாங்க. மொகத்த இன்னும் பாக்கல."

எட்னா பனைமரத்தை நோக்கி நடந்தாள். நாற்பது அடி இருக்கும். காலடியில் பிடுங்கிப் போட்ட கொடிகள் நசுங்கின. பின்னால் பெண்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. ஓலைகள் காகிதம்போலச் சலசலத்தன. அந்தச் சலசலப்புக்கு அடியில் வேறொரு சத்தம், யாரோ வாயால் மூச்சு விடுவதுபோல, நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவர்கள் விடும் வறண்ட மூச்சுபோல, அவள் நெருங்க நெருங்கக் குறைந்து, மரத்தைத் தொட்டபோது நின்றது.

யாரும் இல்லை. மரத்தின் நிழல் ஒரு கையகலம்.

வாசனை மட்டும் இருந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை. கற்பூரத் தைலம். வியர்வையில் ஊறிய கம்பளி. ரூத் படுத்துக் கிடந்த அறை பதினொரு நாள் இப்படித்தான் மணத்தது.

"உன்னை யாரும் கூப்பிடவில்லை," என்றாள் எட்னா உரக்க.

சொன்ன பிறகுதான் அதுவும் பொய் என்று தோன்றியது.

*

வீட்டில் சமையல் செய்தவள் சவுரியம்மாள். முப்பது வயது, பக்கத்துச் சேரியிலிருந்து வருபவள், மாதா கோயில் தவறாதவள், வாய் ஓயாதவள். அன்று பேசாமல் தட்டுகளை வைத்தாள். மூன்று. மூன்றாவதை எட்னாவுக்கும் ரூத்துக்கும் நடுவில் வைத்தாள்.

ரூத் கை கழுவப் போயிருந்தாள். எட்னா அந்தத் தட்டைத் தள்ளினாள். "இரண்டுதான், சவுரியம்மா."

"எனக்கு எண்ணத் தெரியும் மிஸ்ஸி."

"நீயும் பார்த்தாயா?"

"பாத்தேனாவா? நான்தான் கதவத் தொறந்து வுட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மொத நாளு நீங்க சைக்கிள எடுத்துக்கினு போயிட்டீங்க. செத்த நேரத்துல வந்து கதவாண்ட நின்னாங்க. வூட்டுக்குள்ளேர்ந்துதான் வந்தாங்க. ரூத் மிஸ்ஸி எழுந்துட்டாங்கன்னு நெனச்சி தாப்பாள எடுத்தேன். ஜல்தியா போங்க, பெரிய மிஸ்ஸி தூரம் போயிருப்பாங்கன்னு நானே சொன்னேன். அப்பறம் கஞ்சி எடுத்துக்கினு உள்ள போறேன், ரூத் மிஸ்ஸி கட்டில்ல கெடக்கறாங்க."

"தினமும் கதவைத் திறந்தாயா?"

"மொத நாளு மட்டுந்தான். அப்பறம் அதுக்கு நான் தேவப்படல."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கதான வூடு வூடா சொல்லிக்கினு இருந்தீங்க, பின்னாடி வர்றா, பின்னாடி வர்றான்னு. ஒங்களுக்குத் தெரிஞ்சத ஒங்களுக்கே சொல்லணுமா?" கண்களைத் துடைத்துக்கொண்டாள். "பேஜாரா கீது மிஸ்ஸி. ஞாயித்துக்கெழமையோட நான் நின்னுக்கறேன்."

"இப்போது எங்கே இருக்கிறாள்?"

சவுரியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "வாசப்படில."

ரூத் ஈரக் கையோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் முன் வைத்த தட்டு வாசற்பக்க ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. சிரித்துக்கொண்டே அதை இழுத்து வைத்துக்கொண்டாள்.

எட்னாவுக்கு அப்போது புரிந்தது. அது மூன்றாவதாக இருக்க வரவில்லை. பதினொரு நாள் அவளோடு போனது அதுதான். அந்தப் பதினொரு நாளில் ரூத் என்று சொல்லப்பட்டதும் அதுதான். தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதாக அது நினைக்கிறது.

மதராஸுக்கு எழுதலாம். நாளைக் காலை ரயிலில் இருவரும் ஓடிவிடலாம். ஓடினாலும் அது பின்னால் வரும். அதைச் சொல்லித்தானே உண்டாக்கினாள்.

அமிலம் கூடிப்போனால் காரத்தைச் சேர்க்கவேண்டும். ஒரு துளிக்கு ஒரு துளி. சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போய், சொன்னதை இல்லையென்று சொல்லவேண்டும். ரூத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

*

மூன்று நாள் சுற்றினார்கள். இந்த முறை எட்னா ரூத்தை ஒரு கணமும் விட்டு விலகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதே சொற்கள்.

"அன்று நான் பொய் சொன்னேன். என்னோடு யாரும் வரவில்லை. நான் தனியாகத்தான் வந்தேன்."

வளவனூரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். இதைச் சொல்லவா இந்த வெயிலில் வந்தீங்க என்று ஒருவர் ஒரு துண்டுக் கரும்பை வெட்டிக் கொடுத்தார். கெடாரில் சின்னபொண்ணு, "ரெண்டு மிஸ்ஸிதான? சரி, ரெண்டுன்னே வெச்சிக்கறோம்," என்று குனிந்து வேலையைப் பார்த்தாள். பனைமரத்தடியில் வெறும் ஓலைச் சத்தம்தான். எட்னா அங்கே நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். மண் வாசனை.

விக்கிரவாண்டியில் கெங்கம்மாள் இரண்டு தம்ளர் கொண்டுவந்தாள். "மூணாவத குடுத்துட்டேன் மிஸ்ஸி. பக்கத்து வூட்டு மகராசி ஒரு தம்ளருக்கு ரெண்டு வாட்டி ஆளு அனுப்பிட்டா."

இரண்டு. எட்னா மறுபடி எண்ணினாள். தன் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாசலில் போய் நின்று கிணற்றைப் பார்த்தாள். கயிறு ஆடவில்லை. திரும்பும் வழியில் பாட்டுப் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தாள்.

"எட்னா," என்றாள் ரூத், பின்னாலிருந்து. "இவர்கள் என்னோடு பேசுவதே இல்லை."

"உனக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்துகொண்டார்கள்."

"முன்பெல்லாம் சிரிக்கவாவது செய்வார்கள்."

"களைத்திருக்கிறாய். நாளை ஒரு வீடுதான். திண்டிவனம். அதோடு முடிந்தது."

"என்ன முடிந்தது?"

எட்னா வேகமாக மிதித்தாள். வெற்றியை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தாள்.

*

திண்டிவனத்தில் அந்த வீடு ரயிலடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. காந்திமதி பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. எழுதப் படிக்கத் தெரிந்தவள். வீட்டில் இரண்டு பிரம்பு நாற்காலி வைத்திருப்பதில் பெருமை உள்ளவள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கூடம் நடுப்பகல் வெளிச்சத்தில் கண்ணைக் கூச வைத்தது. அடுப்பில் ரசம் கொதித்தது. தூரத்தில் சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக முட்டிக்கொண்டு நின்றது.

"வாங்க வாங்க, ரெண்டு பேரும் வாங்க."

எட்னா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கடைசி முறை. "அன்று நான் பொய் சொன்னேன். என்னோடு யாரும் வரவில்லை. நான் தனியாகத்தான் வந்தேன்."

"அதுக்கென்னாங்க இப்ப? ஒக்காருங்க." காந்திமதி உள்ளே போய் எலுமிச்சம்பழச் சாறு கலந்து வந்தாள். இரண்டு தம்ளர். எட்னா கண்ணை மூடித் திறந்தாள். முடிந்தது.

ஒரு தம்ளர் அவள் கைக்கு வந்தது.

ரூத் மற்ற நாற்காலியில் உட்காரக் குனிந்தாள். காந்திமதி அந்த நாற்காலியை இழுத்தாள். ரூத்தின் கண்ணெதிரே. ரூத் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காந்திமதி நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டு, முந்தானையால் துடைத்தாள்.

"இங்க ஒக்காருங்கம்மா, காத்து வரும். இன்னிக்காவது உள்ள வந்தீங்களே." இரண்டாவது தம்ளரை அந்தப் பக்கம் நீட்டினாள். "மொகத்தையே இப்பதான் பாக்கறேன். எவ்ளோ லட்சணம்! சிரிச்ச மொகம்."

எட்னா வாசல் பக்கம் பார்க்கவில்லை.

ரூத்தைப் பார்த்தாள். ரூத் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். தம்ளர் வரும் என்று. முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

கரும்பு ஒரு துண்டு. ரெண்டு மிஸ்ஸிதான, சரி. கெங்கம்மாளின் இரண்டாவது தம்ளர். அதை யார் குடித்தார்கள்?

மூன்று நாள். ஒவ்வொரு வீட்டிலும். ரூத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. என்னோடு யாரும் வரவில்லை.

"இவள்தான் ரூத்." எட்னா ரூத்தின் தோளில் கையை வைத்தாள். "அம்மா, இவளைப் பாருங்கள். இவள்தான் என் துணை."

காந்திமதி அவள் கையைப் பார்த்தாள். கைக்குக் கீழே பார்த்தாள். "எங்க, மிஸ்ஸி?"

"இங்கே. இவள் என்னோடு வந்தாள்."

"ஆமா, வந்திருக்காங்களே." வாசல் பக்கம் காட்டினாள். குழந்தையைத் தேற்றும் குரல். "அதோ ஒக்காந்திருக்காங்க பாருங்க. ஒங்களுக்கு வெயிலு ஏறிடுச்சி. செத்த ஒக்காருங்க."

"இவள் என்னோடு வந்தாள்!"

"வந்திருக்காங்க மிஸ்ஸி. நான் இல்லன்னா சொன்னேன்?"

பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழும் சத்தம். கொய்னா வாசனை. இரண்டு அடி. நின்றது.

எட்னா திரும்பவில்லை. தம்ளரைக் கீழே போட்டாள். ரூத்தின் இரண்டு கைகளையும் பிடித்தாள். கொதித்தன. நல்லது. சூடு இருக்கிறது. நாடி இருக்கிறது. எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"நான் உன்னை விடமாட்டேன்," என்றாள். "ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போவேன். நூறு முறை போவேன். கேட்கிறதா?"

ரூத்தின் உதடுகள் அசைந்தன. தொண்டை புடைத்தது. கத்துகிறாள். சத்தம் இல்லை. எட்னா உதடுகளைப் படித்தாள்.

விடாதே. விடாதே.

"விட்டுவிடு, எட்னா," என்றது ரூத்தின் குரல், அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து, மிகவும் அன்பாக.

எட்னா இறுக்கிப் பிடித்தாள். அவள் பிடிக்குள் ரூத்தின் விரல்கள் இருந்தன; எலும்பு தெரிந்தது; அந்த விரல்களின் ஊடே எதிர்ச் சுவரில் புதுச் சுண்ணாம்பு வெடித்திருந்த விரிசல் தெரிந்தது.

இன்னும் இறுக்கினாள்.